கிளாக்கர் வீட்டுக் கண்ணாடி அறை

நான் கல்யாணமாகி அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வருடம், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு உத்தியோகத்தர் குடும்பங்களைத் துரையின் பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம். தோட்டத்தை நடத்திய துரை அப்போதும் வெள்ளைக்காரர்தான். என் கணவர் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். நாங்கள் புல்தரையில் வரிசையாக நின்றோம். ஒரு தட்டில் கேக் துண்டுகள் வந்தன. எடுத்து, நின்றபடியே தின்றோம்.

அப்போதுதான் பங்களாவின் கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த அந்த அறையைப் பார்த்தேன். மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. உள்ளே தொட்டி தொட்டியாகப் பிகோனியா. துரைசாணி கம்பளிச் சட்டைகூடப் போடாமல் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். வெளியே எங்களுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

நான் மாத்தளைப் பக்கத்தில், வெயில் அடிக்கும் ஊரில் பிறந்தவள். அந்தத் தோட்டத்துக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவேயில்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஏறினால் பாதி வழியிலேயே பனிமூட்டம் உள்ளே புகுந்துவிடும். மழைக் காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, புகை நாற்றத்தோடு உடுத்திக்கொண்டு போவோம். இரண்டாம் வருடமே எனக்கு இழுப்பு வந்துவிட்டது. இருட்டாக, ஈரமாக இருந்த எங்கள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி அறைதான் நினைவுக்கு வரும். அதை என் கணவரிடம் ஒரு தடவை சொல்லவும் செய்தேன். சிரித்துவிட்டுப் போனார். மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரை போனார். வந்தவர் இளவயதுச் சிங்களவர், கல்யாணமாகாதவர். அவருக்குப் பூச்செடியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். ஜீப் நிறுத்த இடம்தான் வேண்டும். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் கைகூடக் கழுவாமல் சொன்னார்:

"பங்களா கண்ணாடி அறைய ஒடைக்கப் போறாங்களாம். வெலைக்குக் கேட்டேன். குடுக்குறேன்னுட்டாரு."

"வாங்கி எங்க வைக்கிறது?"

"நம்ம முன்வராந்தாவுலதான். அதையும் கேட்டுட்டேன். கட்டிக்கோன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"தொரை வாயால சொன்னது போதாதா? தெனமும் அவரு கண்ணு முன்னாடிதானே ஒக்காந்திருக்கேன்."

குவார்ட்டர்ஸ் தோட்டத்துச் சொத்து. சுவரில் ஆணி அடிக்கவே கேட்க வேண்டும். அது எனக்கும் தெரியும், ஆபீசிலேயே வேலை பார்க்கும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் மறுபடி கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கடிதத்தைவிடக் கண்ணாடிதான் பெரிதாக இருந்தது. அவர் பணத்தைத் துரையின் கையிலேயே கொடுத்தார். ரசீதும் வாங்கவில்லை.

பழைய செக்ரோல் சம்பளத் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு பேரும் மாறி மாறிப் படம் போட்டோம். நான் பின்பக்கம் கட்டலாம் என்றேன். காலை வெயில் அங்கேதான் விழும். அவருக்கு முன்பக்கம் வேண்டும். வராந்தாவில் கூரைக்கட்டை ஏற்கனவே இருக்கிறது, செலவு குறையும் என்றார். காரணம் அதுவல்ல. முன்பக்கம் ரோட்டைப் பார்த்தது. ஆபீசுக்குப் போகிறவர், வருகிறவர் எல்லார் கண்ணிலும் படும். அவருடைய மனசு புரிந்தும் நான் விட்டுக்கொடுத்தேன். எனக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தது.

வேலைக்குக் கீழே கிராமத்திலிருந்து ஒரு சிங்களத் தச்சர் வந்தார். எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடிகளைச் சாக்கில் சுற்றி, நடுவே மானாப்புல் திணித்து, டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து ரோட்டில் அந்தப் பெட்டி குலுங்கிய குலுங்கலில் மூன்றில் ஒரு பங்கு நொறுங்கிப்போயிற்று. பாஸ் ஒவ்வொரு சாக்காகப் பிரித்து, "இது போச்சு நோனா, இதுவும் போச்சு" என்று சொல்லச் சொல்ல நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கூரைக்குத் தகரமே போட்டு, நடுவில் மட்டும் நாலு கண்ணாடி வைத்தோம். பாஸ் சுண்ணாம்புத் தூளையும் எண்ணெயையும் ரொட்டி மாவு மாதிரிப் பிசைந்து சட்டங்களின் ஓரமெல்லாம் பூசினார். முதல் மழைக்கு ஒழுகியது. மறுபடி பூசினார். நின்றுவிட்டது.

அறைக்குள் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் கணக்கப்பிள்ளை குடும்பத்துக்கு இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக நாள் குறித்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கினோம். அந்த அம்மா ஒரு நாற்காலியின் கையைத் தடவிவிட்டு, "நல்லா வச்சிக்கிங்க" என்றார். டீப்பெட்டிப் பலகையில் ஒரு சின்ன மேசை. தரைக்குக் கயிற்றுப் பாய். காலிப் பால்மா டின்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்துச் செடி வைத்தேன். பிகோனியாத் தண்டுகளைக் கொடுத்தது பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டும் ஓர் அம்மா. பழைய துரைசாணி போன பிறகு வாடிக்கிடந்த தொட்டிகளிலிருந்து ஒடித்து, தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுபோய், தன் ஒற்றையறைக் காம்பராவின் வாசலில் பிழைக்க வைத்திருந்தார்.

அந்த அறை எனக்கு உண்மையிலேயே நன்மை செய்தது. பத்து மணிக்குமேல் மூட்டம் விலகினால் உள்ளே இதமாகச் சூடேறும். துணி புகை நாற்றமில்லாமல் காய்ந்தது. இழுப்பு குறைந்தது. கூரைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தக்காளிச் செடிகூடக் காய்த்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். பெரிய கிளாக்கரின் மனைவி ரோட்டில் போகும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அதைப் பார்க்கவும் எனக்குப் பிடித்திருந்தது.

லயங்களில் மாவு கிடைக்காமல் தவித்த வருடங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. அதைப் பற்றி நான் அன்று நினைக்கவில்லை.

ஒரு மழை நாள். பிகோனியா கொடுத்த அதே அம்மா வந்தார். பிரஜாவுரிமை விஷயமாக ஏதோ கடிதம் வந்திருந்தது; அய்யாவிடம் காட்டிப் பதில் எழுத வேண்டும் என்றார். இடுப்பில் கட்டியிருந்த சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அங்கேயே நில்லுங்க. பாய் ஈரமாயிரும். அய்யா வர நேரந்தான்" என்றேன்.

"சரிங்கம்மா" என்று காலை எடுத்துக்கொண்டார்.

அய்யா வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா தகரத்தின் ஓரத்தில், கடிதம் நனையாமல் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நின்றார். நடுவில் கண்ணாடி மட்டும்தான். நான் உள்ளே பின்னல் வேலை செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் முகம் தெரியும் என்பதால் நிமிரவில்லை. என் கணவர் வந்து பதில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் துரை வேறு தோட்டத்துக்கு மாறிப்போனார். புதிதாக வந்தவர் குடும்பஸ்தர். அவருடைய மனைவி படித்தவர், கொழும்பில் வளர்ந்தவர். வந்த ஒரு மாதத்துக்குள் பங்களாவைச் சுற்றிப் பூப்பாத்தி வெட்ட ஆளைப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் என்ன?

"வேணாம். அவங்க வேற, நம்ம வேற" என்றார் என் கணவர்.

"செடி பாக்கத்தானே கூப்பிடுறேன். பெரிய கிளாக்கர் பதவி காலியாகப் போவுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாலு வார்த்தை பழகி வச்சா தப்பா?"

நானே ஆங்கிலத்தில் சீட்டு எழுதி அனுப்பினேன். அவர் வந்தார். மெல்லிய குடை, வெள்ளைக் காலணி. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதி குடித்தார். கேக்கைத் தொடவில்லை. எழுந்து போய் ஒரு சட்டத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது தேக்கு அல்லவா? இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட சாமான் எங்கே கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். ஹட்டன் கடையில் வாங்கினோம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத்தான் தெரியும் என்று கணவரைக் கைகாட்டியிருக்கலாம். நான் பெருமை பொங்கப் பதில் சொன்னேன்:

"உங்க பங்களாவுல இருந்ததுதான், மேடம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரத்தில் புறப்பட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தோட்டத்துக்குச் சொந்தமான கண்ணாடிகளும் மரச்சட்டங்களும் அனுமதியில்லாமல் உத்தியோகத்தர் குடியிருப்பில் பொருத்தப்பட்டிருப்பதாகத் தெரிய வருகிறது. ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும். அதைத் தட்டச்சு செய்தவர் என் கணவருக்குப் பக்கத்து மேசைக்காரர். அடித்து முடித்து, உறையில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டே கையை நீட்டிக் கொடுத்திருக்கிறார்.

என் கணவர் துரையைப் போய்ப் பார்த்தார். "விலைக்கு வாங்கினேன் சேர்" என்றார். ரசீது எங்கே என்று கேட்டார் துரை. கட்டச் சொன்னது பழைய துரைதான் என்றார். கடிதம் எங்கே என்று கேட்டார். மாறிப்போன அந்தத் துரைக்கு என் கணவர் இரண்டு தடவை எழுதிப் போட்டார், பதில் வரவில்லை. பதில் எப்படி வரும்? அந்தப் பணம் தோட்டத்துக் கணக்கில் ஏறவேயில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

"திருடன்னு சொல்லல. ஆனா அப்படித்தான் பாக்குறாரு" என்றார் வீட்டுக்கு வந்து.

கழற்ற அதே பாஸைத்தான் அனுப்பினார்கள். ஆனி மாதம், விடாத மழை. அவர் என் முகத்தைப் பார்க்க முடியாமல், "நோனா, நான் மெதுவா எடுக்கிறேன், ஒடையாது" என்றார். சொன்னபடியே ஒன்றைக்கூட உடைக்காமல் எடுத்தார். செடி டின்களை நான் அடுப்பங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சாயங்காலத்துக்குள் வராந்தா வெறும் திறப்பாகக் கிடந்தது. பழைய கைப்பிடிச் சுவரை, அறை கட்டும்போதே இடித்துவிட்டிருந்தோம். மழை நேரே கதவுவரை அடித்தது. பிரம்பு நாற்காலிகள் இரண்டும் ஊறிப்போய்க் கொஞ்ச நாளில் அறுந்து தொங்கின.

அந்த ராத்திரி நாங்கள் சண்டை போட்டோம்.

"ஒரு துண்டுக் கடுதாசி. அத ஒங்களால வாங்க முடியல."

"கடுதாசி இல்லாமலே இத்தன வருஷம் இருந்துச்சில்ல? நீ வாயத் தொறக்குற வரைக்கும் இருந்துச்சில்ல?"

இரண்டுமே உண்மை. அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவேயில்லை. ஆனால் சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அது எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய கிளாக்கர் பதவி வெளித் தோட்டத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. என் இழுப்பும் திரும்பி வந்தது.

அடுத்த நத்தாருக்குப் பங்களாவுக்குப் போனபோது கண்ணாடி அறையைத் தேடினேன். கிழக்குச் சுவரில் அது இல்லை. துரைசாணிக்கு அந்த இடத்தில் ரோஜாப் பாத்திதான் பிடித்திருந்தது. ஜீப் கொட்டகைக்குப் பின்னால் எங்கள் சட்டங்கள் சாய்த்து வைத்தபடியே கிடந்தன. புல் இடுப்பளவு ஏறியிருந்தது. கண்ணாடிகள் பலவற்றை யாரோ கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். திருப்பிக் கட்டியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். வேண்டாத பொருளுக்காக எங்களைத் திருடராக்கினார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கேக்கை எடுக்காமல் வந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். ஹட்டன் டவுனுக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். எங்கள் பெயரில், பத்திரத்தோடு. குடிவந்த மாதத்தில் ஒருநாள் அவர் கடைத்தெருவிலிருந்து வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடிக் கடைக்காரரிடம் அளவு சொல்லி, கணக்குப் போட்டு வாங்கி வந்திருந்தார்.

"இப்ப எல்லாம் கடையிலேயே கெடைக்குது. பின்பக்கமே கட்டலாம். நீ சொன்னியே, காலை வெயிலு."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தாளைத் தொடவில்லை.

"வேணாம். எனக்குப் பழகிருச்சு" என்றேன்.

அவர் தாளை மடித்துத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கால் கழுவப் போனார். இன்னொரு தடவை கேட்டால் சரி என்று சொல்ல வேண்டும் என்று அன்று சாயங்காலமே முடிவு செய்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு வருடம் அந்த வீட்டில் சேர்ந்து இருந்தோம், அவர் போகும்வரை.