சரளமாக வாசித்த கடிதம்

அந்தத் தாளில் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பா, சாயங்கால பஸ்ஸில் தளிக்கு வந்திறங்கி, அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். பனி இறங்கி முட்டைக்கோஸ் தோட்டம் பாதி மறைந்திருந்தது. வீட்டில் நாங்கள் பேசுவது கன்னடம். தமிழ் எழுத்து தெரிந்தவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் ஒருத்திதான். "ஓது புட்டி" என்றார், படி கண்ணு என்பதுபோல.

வாசிப்பில் நான் பெரிய கெட்டிக்காரி. பள்ளிக்கு அதிகாரி வந்தால் என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள். எங்கும் திக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். படித்ததற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அன்றும் என் குரலில் நானே சொக்கிப்போய், ஏதோ கனவில் நடப்பவள்போல வாசித்து முடித்தேன். அப்பா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனந்தெ?" என்றாள் அம்மா. என்னவாம் என்று கேட்கிறாள். எனக்குப் பிடிபட்டவை தொடக்கத்தில் வந்த 'உழைப்பு', 'நன்றி' இரண்டும்தான். தெரியவில்லை என்று சொல்ல வறட்டுக் கௌரவம் விடவில்லை. அப்பாவைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அடித்துவிட்டேன். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

நிரந்தர வேலை வேண்டுவோர் சனிக்கிழமைக்குள் எழுதித்தர வேண்டும், தராதவர்களுக்கு விருப்பமில்லை என்று கொள்ளப்படும் என்பதுதான் கடிதம். புகழ்ச்சிதானே என்று அப்பா யாரிடமும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கூட்டாளி ஒருவர் விசாரித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. "ஓகலி பிடு, நீனு சிக்கவளு" என்றார் அப்பா. போகட்டும் விடு, நீ சின்னவள் என்று. கடைசிவரை அவர் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்தார். நாலு அறை விட்டிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

இன்று ஓசூரில் நான் டீச்சர். தெலுங்கு, கன்னடம், ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடி, அதே மொழி பேசும் பக்கத்துப் பிள்ளையிடம் தன் வீட்டுப் பேச்சிலேயே விஷயத்தைச் சொல்ல வேண்டும்; பேச்சு எங்கே நிற்கிறதோ, திறந்து அந்த இடத்தை மறுபடி படிக்க வேண்டும். இதுதான் என் பாடமுறை, வேறு வித்தை ஒன்றுமில்லை.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. அப்பாவும் போய்விட்டார். போன வாரம் ஒரு சிறுமி தங்குதடையில்லாமல் வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, "ஒண்ணுமே புரியல டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.