கரி போட்ட முட்டை

எங்கள் வீட்டுக் கோழிகளுக்குச் சளி பிடித்ததும் அத்தை மகள் வயதுக்கு வந்ததும் ஒரே வாரத்தில் நடந்தன. இரண்டில் அம்மா எதற்கு அதிகம் கவலைப்பட்டாள் என்று அப்போது கேட்டிருந்தால், கோழிக்குத்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். எனக்கு ஒன்பது வயது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரமும், பழைய கட்டில் சட்டத்தில் கம்பி வலை அடித்த கூண்டும் இருந்தன. கூண்டுக்குள் ஐந்து நாட்டுக்கோழிகள். ஐந்தும் மூக்கொழுகி, கண் வீங்கி, பீடி குடிக்கிற தாத்தாக்கள் மாதிரி செருமிக்கொண்டு நின்றன. அம்மா ஒன்றைக் கூடையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். டாக்டர் தண்ணீரில் கலக்கிற மருந்துப் பொடி கொடுத்தார்.

"மருந்து குடுக்குற அஞ்சு நாளும், நிறுத்தி பத்து நாளும் முட்டையத் தொடாதீங்க. வேக வச்சாலும் மருந்து முழுசா போவாது. இது பென்சிலின் ஜாதி, சிலருக்கு ஒத்துக்காது" என்றார்.

யாருக்கு ஒத்துக்காது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தை மகளுக்குச் சின்னதில் பென்சிலின் ஊசி போட்டு, உதடு வீங்கி மூச்சு முட்டி, அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். எனக்கு அது சாப்பாட்டு நேரத்துக் கதை. ஓடும்போது அப்பாவின் ஒரு செருப்பு தொலைந்துபோனதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம்.

அத்தை அப்பாவுக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அப்பா தாய்மாமன் என்பதால் வயதுக்கு வந்தவளுக்குத் தினமும் காலையில் குடிக்க நாட்டுக்கோழி முட்டை எங்கள் வீட்டிலிருந்துதான் போகவேண்டும். பச்சை முட்டையைக் குடித்துவிட்டு, அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றியும் குடிக்கவேண்டும். தனி அறை, தனித் தட்டு, உளுந்தங்களி, முட்டை என்று அவள் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்படி என்ன பரீட்சையில் பாஸாகிவிட்டாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா கருவடிக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டில் சொல்லிவைத்து முட்டை வாங்கி, என் கையில் கொடுத்தனுப்பினாள். "மருந்து கிருந்துன்னு அத்த கிட்ட வாயத் தொறந்துறாத. நல்ல காரியம் நடக்குற வூட்ல நோவுப் பேச்சு வேணாம்" என்றாள். எங்கள் கோழி இடுகிற முட்டை ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் பெருக்கல் குறி போட்டு ஒரு பால் பவுடர் டப்பாவில் வைப்பாள். சாயங்காலம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிடுவாள். முட்டை ஆசை பிடித்த எனக்கு அதைப் பார்க்கவே வயிறு எரியும்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அத்தை முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்க வூட்டு முட்டை இல்லியே? உங்க கோழி பழுப்பாதான வைக்கும், இது வெளுத்துக் கெடக்குது. வூட்டு முட்டை உங்களுக்கு, கண்ட எடத்துல வாங்குனது எம் பொண்ணுக்கா? உங்கம்மாவுக்குக் குடுக்க மனசு வரலியாடி?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் அம்மாவையா கஞ்சம் என்கிறாள்! வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சரி, கையைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

மறுநாள் காலை அம்மா கொடுத்த வெள்ளை முட்டையைக் கோழிக்கூண்டு வைக்கோலில் சொருகினேன். டப்பாவிலிருந்து அன்று காலை இட்ட பழுப்பு முட்டை ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டுக் கவுன் ஓரத்தால் கரியைத் துடைத்தேன். டாக்டர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே ஒரு முட்டைதானே! அதுவும் கரியை அழித்த பிறகு அது எனக்கு நல்ல முட்டையாகவே தெரிந்தது.

அத்தைக்கு வாயெல்லாம் பல். "இதான்டி முட்டை! மஞ்சக்கருவப் பாரு. உங்கம்மாவுக்கு இப்பதான் புத்தி வந்துருக்குது" என்று என் வாயில் ஒரு உருண்டை களியைத் திணித்தாள்.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னேன். "அம்மா, இன்னிக்கு அத்த உன்ன நல்லவன்னு சொல்லிச்சு!"

சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கவுன் ஓரத்துக் கரியைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குடிச்சிட்டாளா?"

தலையாட்டினேன். அடுத்த நிமிடம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். காலில் செருப்பில்லை.

அத்தை வீட்டில் யாரையும் கேட்காமல் அந்தத் தனி அறைக்குள் நுழைந்து, அத்தை மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அரிக்குதாம்மா? மூச்சு வுட முடியுதா?" கழுத்தில் மூன்று நான்கு தடிப்புகள் கிளம்பியிருந்தன. கொசு என்று நினைத்து அவள் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒடனே ஆட்டோ கூப்புடுங்க. கோழிங்களுக்கு மருந்து குடுத்துருந்தோம். முட்டைய நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்தது நான். பாராட்டு வாங்கியது என் முட்டை. அம்மா என்னடா என்றால் நான்தான் நான்தான் என்கிறாளே! திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை நெரித்தாள். வளையல் பதிந்து வலித்தது.

பக்கத்து டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் வரை அங்கேயே இருக்கச் சொன்னார். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார். தடிப்பு அடங்கியது. அதுவரை அத்தையின் வாய் அடங்கவில்லை. "தெரிஞ்சே குடுத்தியா? எம் பொண்ணு உனக்கு இன்னாடி பாவம் பண்ணுச்சு?" அம்மா அத்தை மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தும் என்னை அடிக்கவில்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். என் முட்டையைத் தனதாக்கிக்கொண்ட கோபம் மட்டும் சில நாள் இருந்தது.

மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர்வரிசை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். பட்டு, பழத்தட்டு, பூ எல்லாம் அப்பா முன்னால் நின்று வைத்தார். நலங்கு வைக்க அத்தை ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு அம்மாவைக்கூடக் கூப்பிட்டாள். முதலில் வைக்கவேண்டிய மாமன் பெண்டாட்டி கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் லட்டு தின்றுகொண்டே போய், "நீ ஏம்மா போவல?" என்று கேட்டேன்.

"கால் வலிக்குது கண்ணு" என்றாள்.

ஐயோ பாவம் என்று இருந்தது எனக்கு. லட்டை வாயில் கவ்விக்கொண்டு, மண்டபத்து மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து போட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு உட்கார்ந்தாள்.