வெளுத்துப்போன சிவப்பு

ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் அறைந்து வைத்த அந்த அட்டையை நினைத்தால் இந்த வயதிலும் ஆத்திரம் வருகிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் பத்துச் சிவப்புப் பட்டைகள். அடியில் வெளிறிய ரோஜா நிறம், உச்சியில் கன்றிய சிவப்பு. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு துளை, ஓரத்தில் பத்து முதல் நூறு வரை எண். விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை ஒற்றுத்தாளில் வாங்கி, ஈரப் பளபளப்பு அடங்கியதும் துளைகளுக்குப் பின்னால் நகர்த்திப் பார்ப்பேன். எந்தப் பட்டையில் துளை இருக்கும் இடமே தெரியாமல் கலந்துவிடுகிறதோ, அந்த எண்தான் இரத்தத்தின் பலம்.

மலாயாவில், லுக்குட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் டிரசராக, தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளனாக, இருந்தேன். மலேரியாவும் கொக்கிப்புழுவும் தின்று மிச்சம் வைத்த உடம்புகள்தாம் என் பெஞ்சில் வந்து உட்காரும். அறுபதுக்குக் கீழே வந்தால் படுக்கை, அறுபது வந்துவிட்டால் மறுநாள் காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுக்க வேண்டும் என்பது துரையின் சட்டம். சட்டம் போட்டவனைக் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அட்டை என் பொறுப்பில் இருந்தது.

அது மூடி வைக்க வேண்டிய சிறு புத்தகம். வெளிச்சம் பட்டால் நிறம் போகும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. பகல் வெளிச்சத்தில்தான் நிறம் பார்க்க வேண்டும் என்பதாலும், ஒவ்வொரு முறையும் எடுத்துத் திறக்கச் சோம்பல்பட்டும், பட்டைகள் இருந்த அட்டையைக் கிழித்து ஜன்னலில் வைத்து, இரு ஓரங்களிலும் மரச்சில்லு வைத்து ஆணியடித்தேன். ஓராண்டுக்கு மேல் அது அங்கே வெயில் காய்ந்தது. ஒருநாள் துருப்பிடித்த ஆணியை மாற்றச் சில்லைக் கழற்றினேன். சில்லுக்கு அடியில் இருந்த சிவப்பும் வெளியே இருந்த சிவப்பும் வேறு வேறாக இருந்தன. அட்டை வெளுத்திருந்தது. வெளுத்த அட்டைக்குப் பக்கத்தில் சோகை பிடித்த இரத்தமும் அடர்த்தியாகத் தெரியும், நாற்பது, அறுபதாகிவிடும்.

அந்த ஓராண்டில்தான் எங்கள் தோட்டத்தில் சோகை குறைந்துவிட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பெரிய டாக்டர் என் முதுகில் தட்டினார். செரம்பான் பரிசோதனைக் கூடத்துக்கு என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அலமாரியில் பிரிக்காத புதுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் எல்லா எண்களும் ஒரே நாளில் சரியும். நான் சில்லை மறுபடியும் வைத்து ஆணியை அடித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். ரப்பர் மரங்களில் பால் வெட்டுபவர். நான் தோட்டத்துக்கு வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அக்கா என்றுதான் அழைப்பேன். வடிகால் வெட்டும் அவர் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

“மலை ஏறுனா கண்ணு இருட்டுது தம்பி. ரெண்டு வாரம் படுக்கப் போடு, எந்திரிச்சிருவேன்.”

குத்தினேன். பார்த்தேன். “அறுபது வருதுக்கா. வேலைக்குப் போகலாம்.”

அவர் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். “இங்க பாரு, கொக்கு மாதிரி வெள்ளையா இருக்கு. ஒன் அட்டைக்கு மட்டும் நான் செவப்பாத் தெரியிறனா? அப்ப அந்த அட்டையவே மலைக்கு அனுப்பு, அது பால் வெட்டட்டும்லா!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “ஏய், படிச்ச புள்ளகிட்ட என்ன பேச்சு?” என்று வீட்டுக்காரர் அதட்டினார். அக்கா சொன்னது உண்மை என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. இரக்கம் வந்திருக்க வேண்டிய இடத்தில் கோபம் வந்தது. அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் பால் வாளிகளோடு சரிவில் விழுந்தவரைச் சாக்கில் வைத்துத் தூக்கிவந்தார்கள். அப்போதுதான் புதுப் புத்தகத்தைத் திறந்தேன். நாற்பது. உச்சிப் பொழுதுக்கு முன்பே மூச்சு நின்றது. இருதயக் கோளாறு என்று பெரிய டாக்டர் எழுதினார். நான் வாய் திறக்கவில்லை.

சொன்னபடி செரம்பானுக்குப் போனேன். பிற்காலத்தில் நிறத்தை அளக்க மின்சாரக் கருவிகள் வந்தன. தினமும் காலையில் வெள்ளைப் பீங்கான் தகட்டை வைத்துக் கருவியைச் சரிபார்க்காமல் யாரையும் வேலை தொடங்க விடமாட்டேன். என் கண்டிப்பைப் பாராட்டி விருந்து வைத்தார்கள். தின்றேன். அந்தக் கண்டிப்பு எந்தப் பிணத்திடமிருந்து வந்தது என்று அன்றும் சொல்லவில்லை.

அக்காவைப் புதைத்த மறுநாள் அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“அன்னைக்கு அவளுக்கு எத்தன வந்துச்சு தம்பி?”

“அறுபது.”

“அப்ப ஒடம்புல ரத்தம் இருந்திருக்கு. நாந்தான் வேற என்னமோ கவனிக்காம விட்டுட்டேன்.” பிறகு கைகூப்பினார். “அவளுக்கு வாய்த்துடுக்கு. எல்லார் முன்னாடியும் ஒங்களக் கேலி பண்ணிட்டா. மனசுல வச்சுக்காதீங்க.”

“பரவாயில்லண்ணே,” என்றேன்.