மஞ்சளாய்ப் போன வைட்டமின்

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறேன். ஐம்பதைத் தொடப்போகும் வயதில் கடை மாடிப்படி ஏறினாலே கால் துவண்டது. மதியமானால் கல்லாவிலேயே தூங்கி விழுந்தேன். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி மனைவி நச்சரித்தாள். பார்க்காத வரைக்கும் வியாதி இல்லை என்பது என் மருத்துவக் கொள்கை. பார்த்தால் பெரிதாக ஏதாவது பெயர் சொல்லிவிடுவார்களே என்று உள்ளுக்குள் உதறல்.

அந்தச் சமயம் பார்த்து செய்யார் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வைட்டமினை அதிக டோசில் நேராக நரம்பில் ஏற்றும் நிலையம் ஒன்று திறந்தார்கள். களைப்பு, முடி கொட்டுதல், முகச்சுருக்கம், மனக்கவலை எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். எனக்குப் பிடித்தது வேறு: அங்கே யாரும் எதையும் பரிசோதிக்கவில்லை. ஏசி, சாய்வு நாற்காலி, மெல்லிய சங்கீதம். ஊசி போட்ட பெண், "ரிலாக்ஸா இருங்க சார், செல்லெல்லாம் சார்ஜ் ஆவுது" என்றாள். சார்ஜில் போட்ட கைப்பேசி மாதிரி அசையாமல் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் சிறுநீர் கழித்தால், மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை. முகூர்த்தப் புடவைக்குக் கேட்டால்கூட சாயக்காரர் இவ்வளவு பளிச்சென்று தரமாட்டார். காமாலைதான், கல்லீரல் போயே போய்விட்டது என்று தீர்ப்பு எழுதினேன். கண்ணாடியில் பார்த்தால் கண்ணும் மஞ்சள். குளியலறை பல்பே மஞ்சள் என்பது அப்போது தோன்றவில்லை. சுவரில் மாட்டப்போகும் என் படத்துக்கு எந்தச் சட்டை எடுப்பாக இருக்கும் என்கிற அளவுக்கு வேலைகள் முன்னேறின.

அப்புறம் தொழில்புத்தி விழித்தது. புடவையில் சாயம் விடுகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்போம். அதே மாதிரி என் கழுத்தைத் தேய்த்தேன். துணியில் நிறம் ஒட்டியது. அலறிவிட்டேன்.

மனைவி சாயப்பட்டறை வீட்டுப் பெண். ஓடிவந்து கைக்குட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"இது அழுக்குங்க. ஒழுங்கா குளிங்க."

மஞ்சள் கதையையும் சொன்னேன். அவளே நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். அது வைட்டமின் நிறம்தானாம், உடம்புக்கு வேண்டாதது வெளியே வந்துவிடுமாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பட்டுக்குப் புடிச்சது போக மிச்ச சாயம்தான் அலசுற தண்ணில போவும். உங்களுக்கு ஒண்ணுமே புடிக்கல போலக்கீது, மொத்தமும் போய்கினு கீது. காலு ஏன் துவளுதுன்னு அந்த பாட்டில் பாத்து சொல்லுச்சா?"

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து லேபுக்கு ஓட்டிப்போனாள். சாயங்காலம் டாக்டர் முடிவைப் படித்தார். சர்க்கரை. மாத்திரை போடு, நட, சோற்றைக் குறை. தெருவில் பாதிப் பேருக்கு இருக்கிற வியாதி. பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூட லாயக்கில்லை.

"இவ்ளோதானா டாக்டர்?"

"வேற என்ன எதிர்பார்த்து வந்தீங்க?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்த பிறகுதான், அத்தனை நாளாக அந்த வீட்டில் உதறலோடு இருந்தது நான் ஒருவன் மட்டுமில்லை என்று உறைத்தது.