நூலகக் கவுண்டரில் முப்பிடாதி

படப்பை பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நான் நூலகர். மாலையில் இரண்டு மணி நேரம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ள மாணவர் ஒருவர் தேவை என்று கதவில் ஒரு தாள் ஒட்டினேன். பதினோரு பேர் வந்தார்கள். பத்துப் பேர் புத்தகம் என்றால் உயிர் என்றார்கள். அதில் பாதிப் பேரை நான் நூலகத்தில் பார்த்ததே இல்லை. கடைசியாக வந்த முப்பிடாதி மட்டும், "எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேல பாத்துருக்கேன் மேடம்" என்றாள்.

சங்கரன்கோவில்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைக்கு வந்து, ஒன்றரை வருடம் அசெம்பிளி லைனில் நின்று ஒயர் மாட்டியிருக்கிறாள். அதை விட்டுவிட்டு பி.காம். சேர்ந்தவள் இப்போது இரண்டாம் ஆண்டு. சேர்த்து வைத்திருந்தது கரைந்துவிட்டது. இந்த வேலை கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு லைனுக்கே திரும்ப வேண்டும் என்று அழாமல் சொன்னாள். நான்தான் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம், ஏதாவது புகார் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கறாராகச் சொல்லித்தான் முதல்வர் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் இரண்டரை மணிக்கு அவளை உட்கார வைத்து, நான் வரும் வரை கவுண்டரை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. முடிந்ததும் நேரே கல்லூரி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அவளைச் சுத்தமாக மறந்துவிட்டேன். எனக்கு வாய்தான் நீளம்.

ஏழு மணிக்கு வாட்ச்மேன் தசரதன் போன் செய்தார். "இன்னா மேடம், லைப்ரரில ஒரு பொண்ணு குந்திகினு கீது. பூட்டணும், எந்திரின்னா மாட்டேங்குது." போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டேன்.

"மாத்துறதுக்கு ஆளு வராம எந்திரிக்கக் கூடாதுல்லா மேடம்" என்றாள்.

லைனில் அப்படித்தானாம். ஒருத்தி நகர்ந்தால் மொத்த லைனும் நின்றுவிடும். மாற்று ஆள் வந்து இடத்தைப் பிடித்த பிறகுதான் தண்ணீர் குடிக்கக்கூடப் போக வேண்டும். நாலரை மணி நேரம் அவள் அப்படியே இருந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை முதல்வர் கூப்பிட்டார். நூலகம் ஏழு மணி வரை திறந்து கிடந்ததாம், சொன்னது புரியாத பெண் நமக்கு எதற்கு என்றார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு நொடி அப்படி நினைக்கவும் செய்தேன், வெட்கமாக இருக்கிறது.

"மறந்துட்டுப் போனது நான் சார். சொன்னதைச் செஞ்சது அவ மட்டுந்தான்" என்றேன்.

என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அவளை விட்டுவிட்டார்.

அன்று மாலை கவுண்டரில் இருந்தபடி முப்பிடாதி கையைத் தூக்கினாள். பாத்ரூம் போக வேண்டுமாம். இதற்கெல்லாம் கேட்க வேண்டாம், போ என்றேன். வாசல் வரை போனவள் காலி நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் அதில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் போனாள்.

மூன்றே நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து நின்றாள். ஓடியா வந்தே என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

"நாளைக்கு நடந்து வா" என்றேன்.