காரீயத்தைக் கண்டுபிடித்தவர்

இலங்கையில் நான் புவிச்சரிதவியலாளராக இருந்தவள். மலையும் காடும் ஏறிக் கல் பார்ப்பதுதான் தொழில். ரொறன்ரோவுக்கு வந்தபின் விண்ணப்பித்த இடமெல்லாம் ‘கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்’ கேட்டார்கள். கடைசியில் மருந்துக் கடை ஒன்றில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றேன்.

போன வருடம் அருங்காட்சியகம் ஒன்றில் வேலைசெய்யும் பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இலங்கையில் வேலைசெய்த ஒரு புவிச்சரிதவியலாளரைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம். முதுமையில் அவர் மகளோடு கனடாவில் வந்து இருந்து, தன் கற்களையும் வரைபடங்களையும் அந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அவரைப் பற்றிய ஆங்கில விளக்கப் பலகைகளை நான் தமிழாக்கித் தர வேண்டும்.

அந்த மனிதரின் வேலையை எனக்குத் தெரியும். என் முதல் உத்தியோகத்தில் அவருடைய வரைபடத்தின் பிரதியைத்தான் கையில் தந்தார்கள். காய்ச்சலோடு காடு காடாக நடந்து கீறிய கோடுகள் அவை. நாங்கள் போய்ப் பார்த்தால் பாறை அவர் கீறிய இடத்திலேயே இருக்கும். ஆசையோடுதான் சம்மதித்தேன்.

வாசிக்க வாசிக்க எரிச்சல் வந்தது. படிப்பு முடிந்த கையோடு கப்பலேறியவருக்கு, கொழும்பில் இறங்கியதும் உத்தியோகம், பங்களா, குதிரை. இலங்கை அனுபவம் இருக்கிறதா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வரி இப்படி இருந்தது: ‘மனிதக் கை படாத காட்டில் காரீயத்தைக் கண்டுபிடித்தார்.’ பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்தக் கறுப்புப் பொருள்தான் காரீயம்.

பச்சைப் பொய். அந்தக் காட்டில் நான் நடந்திருக்கிறேன். அவர் வருமுன்பே ஊர்ச் சனம் அங்கே குழி தோண்டிக் காரீயம் எடுத்தார்கள். மண் சரிந்து உள்ளேயே புதைந்து போனவர்களும் உண்டு. அவரே தன் வரைபடத்தில் அந்த இடத்தை வட்டமிட்டுப் ‘பழைய குழிகள்’ என்று குறித்திருக்கிறார். மனிதர் பொய் சொல்லவில்லை. இவர்கள் அவருக்காகச் சொல்கிறார்கள்.

நேரே அருங்காட்சியகத்துக்குப் போனேன். வரைபடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

“பிள்ளை, இதை வாசியுங்கோ.”

குனிந்து வாசித்தவளுக்கு முகம் சிவந்தது. “ஓம் அன்ரி, நீங்கள் சொல்றது சரி. ஆனா இங்கிலிஷ் போர்ட் அடிச்சாச்சு. தமிழில நீங்கள் விரும்பினமாதிரி எழுதுங்கோ. ஒருத்தரும் செக் பண்ணமாட்டினம்.”

“அப்ப உண்மையைத் தமிழில மட்டும் சொல்லலாம்?”

அவள் போய்த் தன் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் வரைபடத்தைப் பார்த்து, அருமையான கருத்து என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் மறுத்தால் வேறு யாரையாவது பிடித்து அந்தப் பொய்யைத் தமிழாக்குவார்கள். அதனால் எழுதிக் கொடுத்தேன்: ‘இவர் வருமுன்பே ஊரவர்கள் இங்கே காரீயம் தோண்டினார்கள். அந்தக் குழிகளை இவர் வரைபடத்தில் குறித்தார்.’

திறப்பு நாளன்று சனம் மேலே இருந்த ஆங்கிலத்தை வாசித்து வியந்துவிட்டு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியிடம், கீழே தமிழில் இருப்பது வேறு கதை என்று சொல்லி, வரைபடத்தையும் காட்டினேன்.

“அப்படியானால் ஆங்கிலத்தில் ஏன் இல்லை?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“அதை அவர்களிடம் கேளுங்கள்” என்றேன்.

அவர் போய்க் கேட்டார். வேறு சிலரும் கேட்டார்கள். பார்வையாளர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று காவலாளி வந்து என்னிடம் சொன்னார்.

சில கிழமைகள் கழித்து அந்தப் பிள்ளை அழைத்தாள்.

“அன்ரி, ரெண்டு மொழியிலும் வேற வேற கதை இருக்கக்கூடாதாம். அதால தமிழ் போர்டைக் கழட்டிப்போட்டினம்.”

பிழையைத் திருத்துவது என்றால் அவர்களுக்கு அதுதான். ஆங்கிலப் பலகை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. நான் வீட்டுக்குப் பக்கத்தில், டோர்செட் பார்க்கில் பஸ் ஏறிப் போய், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, கேட்க விரும்புகிறவர்களுக்கெல்லாம் ‘பழைய குழிகள்’ எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொண்டிருக்கிறேன்.