சைகோனுக்குப் போன பல் செட்

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கடல் கடந்து போனது ஒரு பல் செட். அதைச் செய்த சித்தப்பா அதற்குப் பிறகுதான் போனார்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். எனக்கு எட்டு வயது. கோட்டுச்சேரியில் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பியான சித்தப்பா மட்டும் தினமும் சைக்கிள் மிதித்துக் காரைக்காலுக்குப் போவார். அங்கே ஒரு வயதான பல் டாக்டரிடம் அவருக்கு வேலை. டாக்டர் முன்னறையில் பல்லைப் பிடுங்குவார். சித்தப்பா பின்கட்டில் உட்கார்ந்து பல் செட் செய்வார். பத்து வருடம் அப்படிச் செய்தார். ஒருமுறை திருநள்ளாற்றுக் கடைத்தெருவில் ஒரு பெரியவர் வாய் நிறையச் சிரித்தபடி பேரம் பேசிக்கொண்டிருந்தார். “அது நான் செஞ்சது” என்று சித்தப்பா என் காதோடு சொன்னார். அந்தப் பெரியவரையே சித்தப்பாதான் செய்தார் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் கடையை மூடிவிட்டு மெட்ராஸில் இருந்த மகனிடம் போய்விட்டார். சித்தப்பா வீட்டோடு இருந்தார். வேறு டாக்டர்கள் அவரிடம் பரீட்சை எழுதிய காகிதம் கேட்டார்கள். அவரிடம் கை மட்டும்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் பலர், அதே பிரெஞ்சுக்காரர்களின் கீழிருந்த சைகோனில் உத்தியோகம் பார்த்தார்கள். அப்படி அங்கே இருந்த ஒருவர், ஒரு பல் டாக்டர் செட் செய்யத் தெரிந்த ஆளைத் தேடுவதாக ஊருக்கு எழுதியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாரைக் கொண்டு சித்தப்பா பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பதில் வந்தபோது வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்து ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னார். காகிதம் ஒன்றும் வேண்டாம், வேலையை அனுப்பு என்று அந்த டாக்டர் எழுதியிருந்தார். மேல்வாய்க்கு ஒரு முழு செட். அது உயிரோடு இருக்கும் ஓர் ஆளின் வாய்க்குச் செய்ததாக இருக்க வேண்டும். அந்த வாயின் அச்சு, செட் இல்லாமல் ஒரு போட்டோ, செட்டோடு ஒரு போட்டோ எல்லாம் நாலு மாதத்துக்குள் சைகோனுக்கு வந்து சேர வேண்டும்.

இரண்டு மூன்று பல் கட்டுவது யாரும் செய்கிற வேலை என்று சித்தப்பா சொன்னார். பக்கத்துப் பல்லில் கம்பி மாட்டினால் நின்றுவிடும். முழு மேல் செட்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. ஈறில் அப்படியே ஒட்டி நிற்க வேண்டும், மயிரிழை பிசகினாலும் விழுந்துவிடும். அதனால்தான் அதைக் கேட்கிறார்.

ஊரில் பொக்கை வாய்க்கா பஞ்சம்? சித்தப்பா சந்தோஷமாகக் கிளம்பினார். சுரக்குடியில் ஒரு மிராசுதார் சம்மதித்தார். மறுநாளே ஆள் விட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சைகோன் பக்கம் நடக்கிற சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பல்லைத்தான் பிடுங்கிக் கட்டுகிறார்கள் என்று அவர் மருமகள் எங்கேயோ கேட்டு வந்திருக்கிறாள். பீங்கான் கோப்பை செய்கிற மண்ணில் செய்த பல் என்று சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் போவதற்கு முன்பே அந்தப் பேச்சு ஒவ்வொரு ஊருக்கும் போயிருந்தது. மூன்று வாரம் சைக்கிளில் அலைந்துவிட்டு ஒரு நாள் சைக்கிளைக் கொட்டகையில் சாத்திவிட்டார்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி பிறந்தபோது வந்த காய்ச்சலில் அம்மாவுக்கு ஈறெல்லாம் வீங்கி மேல்பற்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. முப்பது வயதில் மேலே ஐந்து பல்தான் மிச்சம். யாரோடு பேசினாலும் இடது கை வாய்க்குப் போய்விடும். அவள் சிரிப்பது எங்களுக்குத் தோள் குலுங்குவதில்தான் தெரியும்.

சித்தப்பா சைக்கிளைச் சாத்திய மறுநாள் அம்மா அப்பாவிடம் பல்வலி என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் அந்த ஐந்து பல்லையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார்.

“அஞ்சும் கெட்டியா இருக்கேம்மா. எதுக்கு எடுக்கணும்?”

“ராத்திரி பூரா வலிக்குதுங்க. எடுத்துடுங்க” என்றாள் அம்மா.

நான் அம்மா பக்கத்தில்தான் படுப்பேன். முந்தின இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். பெரியவர்களுடைய வலி சத்தம் போடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் இரண்டு தடவை கேட்டார். அம்மா இரண்டு தடவையும் அதையே சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள். மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் ஐந்து பல் இருந்தது. எனக்குக் கொடு என்று கேட்டேன், கொடுக்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்ததும் அம்மா வீங்கிய முகத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, இப்ப அளவு எடுக்கலாம்ல?”

சித்தப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். அன்றும் மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. அண்ணி தன்னிடம் சொல்லாமல் வேறு டாக்டரிடம் போய்விட்டாள் என்ற கோபம் அவருக்கு என்று நான் முடிவு செய்தேன்.

ஈறு ஆற ஆறு வாரம் ஆயிற்று. அம்மா கஞ்சி குடித்தாள். பிறகு மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் நான் பார்த்ததை இன்றைக்கும் என்னால் சாதாரண வேலை என்று நினைக்க முடியவில்லை.

வெந்நீரில் இளகிய ஒரு பழுப்பு மெழுகை அம்மாவின் வாய்க்குள் வைத்து அழுத்தி எடுத்தார் சித்தப்பா. அதில் சுண்ணாம்பு போன்ற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினார். அது இறுகியதும் பிரித்தால், அம்மாவின் மேல்வாய் பலகை மேல் உட்கார்ந்திருந்தது, ஈறின் சுருக்கமெல்லாம் அப்படியே. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். அவள் வாய் இங்கே இருக்கிறது. நான் அதைத் தொடப் பயந்தேன். சித்தப்பா அதே மாதிரி இன்னும் இரண்டு அச்சு எடுத்து வைத்துக்கொண்டார். முதல் அச்சின் மேல் சிவப்பு மெழுகு வைத்து, கத்தியைச் சுட்டுச் சுட்டு ஒவ்வொரு பல்லாக நட்டார். தேங்காய்ச்சில்லு மாதிரி பல். பதினாலையும் நட்டுவிட்டுத் தூர வைத்துப் பார்த்தார். முகம் திருப்தியாக இல்லை.

“எல்லாம் ஒரே சீரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அப்பாவிடம் போய் அண்ணியின் பல் முன்னே எப்படி இருக்கும் என்று கேட்டார்.

அப்பா அம்மாவைப் பற்றி எங்கள் முன்னால் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

“இடது பக்கம் முன்பல்லு ஒண்ணு, பக்கத்துப் பல்லு மேல லேசா ஏறி நிக்கும்.”

தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அம்மா வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். சித்தப்பா அந்த ஒரு பல்லை மெழுகிலிருந்து பிடுங்கி, கொஞ்சம் ஏற்றி நட்டார்.

பிறகு அதைப் பித்தளைச் சிமிழுக்குள் வைத்து, சுற்றிலும் அந்த வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி மூடி, மெழுகை வெந்நீர் விட்டு உருக்கி ஓடவிட்டு, அந்த இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு மாவைப் பிசைந்து அடைத்து, நெல் அவிக்கிற பானையில் வேக வைத்தார். பல்லை வேக வைக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை. ஆறியதும் உடைத்து எடுத்து இரண்டு நாள் ராவினார், தேய்த்தார்.

வாயில் வைத்த அன்று காலை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். “கடிச்சு எச்சிலை முழுங்குங்க அண்ணி” என்றார் சித்தப்பா. அம்மா விழுங்கினாள். “இப்ப இழுத்துப் பாருங்க.” அம்மா இழுத்தாள், வரவில்லை. கம்பி இல்லை, நூல் இல்லை, எதுவும் இல்லாமல் நின்றது. அம்மாவின் கன்னம் நிரம்பியது, உதடு மேலே எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குள்ளிருந்து வேறொரு பெண், என் அக்காவாக இருக்கக்கூடிய ஒரு பெண், வெளியே வந்து நின்றாள். சோறு, தட்டு, பத்து, சைக்கிள் என்று சித்தப்பா சொல்லச் சொல்ல அம்மா திருப்பிச் சொன்னாள். சைக்கிளில் மட்டும் விசில் அடித்தது. மூன்று வயதுத் தம்பி யாரோ வந்துவிட்டார்கள் என்று அலறிக்கொண்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்து அம்மா சிரித்தாள், சத்தமாக. அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

காரைக்காலில் போட்டோக் கடைக்குப் போனோம். முதலில் செட் இல்லாமல். அன்னிய ஆண் ஒருவர் முன்னால் அம்மா கையை எடுத்துவிட்டு வெறும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு செட்டோடு. போட்டோக்காரர் வாயை மூடுங்கம்மா என்று நாலு தடவை சொன்னார், மூட வேண்டாம் என்று சித்தப்பா நாலு தடவை சொன்னார்.

நாலு நாள்தான் அம்மா அதைப் போட்டிருந்தாள். ஐந்தாம் நாள் காலை கிணற்றடியில் அதைக் கழுவி, முந்தானையில் துடைத்து, சித்தப்பா நீட்டிய பிஸ்கட் டப்பாவில் பஞ்சின் மேல் வைத்தாள். நான் டப்பாவைப் பிடுங்கப் போய் அடி வாங்கினேன். புதுச்சேரியிலிருந்து மாவும் பல்லும் வந்ததும் அம்மாவுக்கு வேறு செய்து தருவதாகச் சித்தப்பா சொன்னார்.

அந்தச் சாமான் வருவதற்கு முன்னால் சைகோன் பதில் வந்துவிட்டது. ஏறி நிற்கும் அந்த ஒரு பல்லைப் பற்றி மட்டும் டாக்டர் ஒரு வரி கேட்டிருந்தார்: அதைத் தெரிந்தே அப்படி வைத்தாயா? வைத்திருந்தால் அடுத்த கப்பலில் வா.

சித்தப்பா கையோடு கொண்டுபோன இன்னொரு அச்சை வைத்து ஒரு வருடம் கழித்துச் சைகோனிலிருந்து ஒரு செட் அனுப்பினார். அதற்குள் ஈறு சுருங்கிவிட்டிருந்தது. அம்மா பேசினால் அது கழன்று வந்தது. ஆறு வருடம் கழித்து அவர் வந்தபோது காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்துவிட்டிருந்தது. வந்த அன்று சாயங்காலமே, பெட்டியைக்கூடத் திறக்காமல், வெந்நீர் வைக்கச் சொல்லி அம்மாவுக்கு அளவு எடுத்தார். அந்த செட்டை அவள் கடைசிவரை போட்டிருந்தாள்.

அதெல்லாம் பின்னால். அவர் புறப்பட்ட நாளில் பாதி ஊர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தது. ஆளுக்கு ஆள் விபூதி பூசினார்கள், புத்தி சொன்னார்கள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு சித்தப்பா கடைசியில் என்னிடம் வந்தார். நான் பின்னால் நகர்ந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

“சித்தப்பா எங்கம்மா பல்லைத் திருடிக்கிட்டுப் போறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கையை ஓங்கினார். சித்தப்பா அவர் கையைத் தடுத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை.

“ஆமா பாப்பா. அஞ்சு பல்லு” என்றார்.

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா அவள் நின்ற இடத்தில் மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டு, சட்டையைத் தட்டாமலே பஸ்ஸில் ஏறினார்.

“பதினாலு!” என்று நான் பஸ்ஸின் பின்னாலேயே ஓடித் திருத்தினேன். அவர் காதில் விழுந்ததா, தெரியாது. செட்டில் இருந்தது பதினாலு பல். நானே தொட்டு எண்ணியிருக்கிறேன். இத்தனை கெட்டிக்காரருக்குப் பதினாலு வரை எண்ணத் தெரியவில்லையே, சைகோனில் எப்படிப் பிழைப்பார் என்று வீடு வந்து சேரும் வரை எனக்கு ஒரே கவலையாக இருந்தது.